கறையான் ஏறாத மூலை

ஜனவரி 9

உம்மணாமூஞ்சி அவர்களுக்கு, உங்கள் வாயாடி எழுதுவது.

நானும் குட்டியும் நலம். நீங்களும் நலம் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். போன கடிதத்தில் "நலம்" என்ற சொல்லைத் தவிர வேறு எதையும் நீங்கள் எழுதவில்லை. ஆறு வருஷமாகக் கடல் தாண்டி மரக்கிடங்கில் வேலை பார்க்கிறவர் நாலு வரி கூடுதலாக எழுதினால் பேனாவில் மை வற்றிவிடுமா? ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். நீங்கள் தபால்காரரைத்தான் கெடுத்து வைத்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை நீட்டும்போதே, "உறைதாம்மா கனம், உள்ள ஒண்ணுமில்ல" என்று சிரிக்கிறார்.

ஆபீஸ் போனில் பேசலாம் என்றால் அது மேலாளர் மேசைமேல் இருக்கிறது. புருஷன் பெண்டாட்டி பேசுவதை அவர் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். நீங்களும் "ம்" கொட்டிவிட்டு வைத்துவிடுவீர்கள். அதற்குக் கடிதமே தேவலை.

இப்போது செய்தி. உங்கள் பெண்டாட்டிக்குப் பதவி உயர்வு! நீங்கள் போன பிறகு இந்தத் தைலமரத் தோட்டத்தில் என்னென்னவோ மாறிவிட்டது. முதல் வருஷத் தணிக்கை மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். இப்போது ஒவ்வொரு வருஷமும், மண்ணைக் கெடுக்காமல் வளர்த்த மரம் என்று சான்று கொடுக்க, அந்தப் பச்சை முத்திரைக்காரம்மா வருகிறார். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் நம் மரத்தை வெளிநாட்டுக்காரர்கள் தொடமாட்டார்கள். கறையானுக்குத் தூள் போடக்கூடாது, கையுறை இல்லாமல் யாரும் மருந்தைத் தொடக்கூடாது, எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். அந்த எழுதி வைக்கிற வேலையால்தான் நானும் மனுஷியானேன். ஒவ்வொரு பிளாக்கிலும் எத்தனை கறையான் புற்று இருக்கிறது என்று எண்ணி, குச்சி நட்டு, நம்பர் போட வேண்டும். நம் தோட்டத்தில் புற்று எண்ணுகிறவள் நான்தான். பெரியதாக இருந்தால் தோண்டி ராணியை எடுத்துவிடுகிறோம். புதுக் கன்றுகளைச் சுற்றிக் காய்ந்த பட்டையும் சருகும் போட்டு வைக்கிறோம். அதைத் தின்று வயிறு நிறைந்தால் கன்றை விட்டுவிடும் என்பது கணக்கு. ஆனால் கறையானுக்குக் கணக்குத் தெரிய வேண்டுமே. நூறு கன்று நட்டால் முப்பது போய்விடுகிறது. தூள் போட்ட காலத்தில் ஐந்துகூடப் போகாது என்று மேலாளர் பெருமூச்சு விடுகிறார்.

இதில் ஓர் அதிசயம். பதினான்காம் பிளாக்கில், ஓடைக்கு மேல் பக்க மூலையில், ஒரு புற்றுகூட இல்லை. மூன்று வருஷமாக அந்த இடத்துக்கு நேரே பூஜ்யம் போடுகிறேன். "போகாமலே எழுதுறியா?" என்று மேலாளர் சண்டைக்கு வந்தார். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். விழுந்த கிளை விழுந்தபடி கிடக்கிறது. ஒன்றும் அரிக்கவில்லை. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார், அவசரமாகத் திரும்பி நடந்துவிட்டார். போன மாதம் அங்கே மரம் வெட்டி முடிந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெரிய அதிகாரி என் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "கறையான் வராத இடம்னா நாற்றங்காலை அங்கயே வைக்கலாமே" என்றார். அடுத்த மாதம் வேலை தொடங்குகிறது. எட்டுப் பெண்கள், தலைவி நான். என் பூஜ்யத்துக்குக் கிடைத்த மரியாதை!

அண்ணன் இருந்திருந்தால் சீட்டியடித்தே ஊரைக் கூட்டியிருப்பான். இப்போதும் தோட்டத்தில் தனியாக எண்ணிக்கொண்டு போகும்போது எங்கோ சீட்டிச் சத்தம் கேட்டால் நின்றுவிடுகிறேன். பறவைதான். ஆனால் அந்த மூலையில் அதுகூடக் கேட்பதில்லை.

குட்டிக்கு ஒன்பது முடிந்துவிட்டது. "நீ மட்டும் ஏம்மா மிச்சம் இருக்கறத எல்லாம் கொட்டுற? மத்த வீட்ல சூடு பண்ணிச் சாப்பிடறாங்களே" என்று கேட்கிறாள். என்ன சொல்ல? உங்களுக்குத் தெரியும்.

வாருங்கள் ஒரு தடவை. மூன்று வருஷத்துக்கு முன் வந்தபோது அண்ணன் படத்துக்கு முதுகு காட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டீர்களே, இந்தத் தடவை நானே படத்தை உள்ளறைக்கு மாற்றிவிடுகிறேன். வந்தால் போதும்.

உங்கள்
வாயாடி


ஜனவரி 24

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதவி உயர்வு பற்றி மிகவும் சந்தோஷம். குட்டிக்கு என் முத்தங்கள்.

ஒரு விஷயம். அந்தப் பதினான்காம் பிளாக் வேண்டாம். ஓடைக்குக் கீழே சமமான நிலம் இருக்கிறது, தண்ணீரும் பக்கம். அதைக் கேள். அவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் தலைவி வேலையே வேண்டாம் என்று சொல்லிவிடு. புற்று எண்ணுகிற வேலையே உனக்குப் போதும்.

ஏன் என்று கேட்பாய். அது நல்ல இடம் இல்லை. நான் அங்கே இருந்த காலத்திலேயே ஆட்கள் அந்த மூலைக்குப் போகப் பயப்படுவார்கள். நடமாட்டம் இருக்கிறது என்பார்கள். அப்போது நான் நம்பவில்லை. இப்போது நம்புகிறேன். பறவை வரவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய்.

சொன்னதைக் கேள்.

உன்
கணவன்


பிப்ரவரி 6

என் உம்மணாமூஞ்சிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து நானும் குட்டியும் விழுந்து விழுந்து சிரித்தோம். பேயா! கல்யாணமான புதிதில், ஆளில்லாத பழைய குடியிருப்பு வழியாக நான் நடக்கப் பயந்தபோது, "செத்தவன் எந்திரிச்சு வர்றதா இருந்தா எனக்குக் கடன் குடுத்தவன்தான் மொதல்ல வருவான்" என்று சொன்ன ஆளா இது? அங்கே குளிர் அதிகமோ என்னமோ, மூளை உறைந்துவிட்டது.

அப்படியே பேய் இருந்தாலும் எனக்கென்ன பயம்? அண்ணன் பேயாக வந்து நின்றால் உட்காரவைத்துச் சோறு போடுவேன். பழைய சோறு இல்லை, புதிதாக வடித்த சோறு. காலில் விழுந்து ஒரு வார்த்தை கேட்பேன். அதற்காகவாவது வரமாட்டானா என்று எத்தனையோ நாள் இருந்திருக்கிறது.

வேலை தொடங்கிவிட்டது. கேளுங்கள், தண்ணீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டினார்கள். முழங்கால் ஆழம்கூட இல்லை, மண்வெட்டி எதிலோ மோதி "டொக்" என்றது. வெளியே எடுத்துப் பார்த்தால் இன்னொரு மண்வெட்டி. இரும்பு முழுக்கத் துரு. ஆனால் கைப்பிடி! போன வாரம் தச்சன் செதுக்கிக் கொடுத்தது மாதிரி இருக்கிறது. இந்த மண்ணில் ஒரு மரத்துண்டு இரண்டு மழை தாங்காது என்று உங்களுக்குத் தெரியும். ஆட்கள் எல்லாம் ஆச்சரியப்பட்டுக் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். என் கைக்கு வந்ததும் கைப்பிடியின் அடியைத் தடவினேன். மூன்று வெட்டு, பக்கத்தில் ஒரு வட்டம்.

அண்ணனுடையது. தன் கருவி மாறிப்போகக் கூடாதென்று அவன் கத்தியால் போட்ட குறி. அதை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். பயத்தில் இல்லை. அவன் கையே மண்ணுக்குள்ளிருந்து வந்து என் கையைப் பிடித்த மாதிரி இருந்தது. வாய்விட்டு அழுதேன். அழுது முடித்ததும், சொன்னால் சிரிப்பீர்கள், சந்தோஷமாக இருந்தது. நான் கூப்பிட்டேன், அவனும் வந்துவிட்டான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து நன்றாகத் தேய்த்துக் கழுவி, கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறேன். குட்டி அதை எடுத்துக் கொத்திக் கொத்திப் பின்பக்கம் கீரை விதைத்திருக்கிறாள். மாமன் பிடித்த பிடியை அவளும் பிடிக்கிறாள், பார்க்கவே நன்றாயிருக்கிறது. கழுவின பிறகும் ஒரு வாடை போகவில்லை. ஈரச் சுவரில் மருந்து அடித்த வாடை மாதிரி.

ஒன்றுதான் புரியவில்லை. அண்ணன் கடைசியாக வேலைக்குப் போன நாளில் மண்வெட்டி இல்லாமல்தான் வந்தான். "எங்கண்ணே?" என்று கேட்டதற்கு, "மாப்ள புதுசு வாங்கித் தரேன்னிருக்கார்" என்றான். அது எப்படிப் பதினான்காம் பிளாக்கில் புதைந்து கிடந்தது? நீங்கள்தானே அன்றைக்கு அவனோடு போனீர்கள்? மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள்
வாயாடி


பிப்ரவரி 19

வாயாடிக்கு,

இதைப் படித்தவுடன் எழுந்து போ. அந்த மண்வெட்டியை வீட்டுக்குள் வைக்காதே. வெறும் கையால் தொடாதே. பழைய சாக்கில் சுற்றிக் குட்டிக்கு எட்டாத இடத்தில் வை. குட்டியின் கைகால்களைச் சோப்புப் போட்டுக் கழுவு. அந்தக் கீரையைப் பிடுங்கிப் போடு, சமைக்காதே. நீ நாற்றங்காலுக்குப் போகாதே. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடு.

மண்வெட்டி தொலைந்துபோயிற்று, அவ்வளவுதான். வேலை செய்கிற இடத்தில் தொலைவது சகஜம்.

இங்கே நேற்று ஒரு கப்பல் வந்தது. மரங்களின் அடிப்பக்கத்தில் பச்சை முத்திரை, அதற்குக் கீழே வெள்ளைச் சாயத்தில் நம் தோட்டத்தின் எழுத்தும் பிளாக் நம்பரும். இன்று நான் வரிசையாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தேன். பதினான்கு. அதற்கடுத்ததும் பதினான்கு. வண்டி நிறையப் பதினான்கு. பின்னாலிருந்து யாரோ சீட்டியடித்தார்கள். திரும்பிப் பார்த்தால் யாருமில்லை. கிரேன்காரரைக் கேட்டேன், தன் வாயில் சீட்டியே வராது என்றார். மேற்கொண்டு வேலை ஓடவில்லை. விடுப்புச் சொல்லிவிட்டு அறைக்கு வந்து இதை எழுதுகிறேன்.

தயவுசெய்து சொன்னதைச் செய். காரணம் கேட்காதே.

உன்
கணவன்


மார்ச் 2

அன்புள்ள உங்களுக்கு,

மண்வெட்டியைச் சாக்கில் சுற்றிக் கொட்டகை மேல் ஏற்றிவிட்டேன். கீரையையும் பிடுங்கிவிட்டேன். குட்டி ஒரு பொழுது முழுக்க என்னோடு பேசவில்லை. நீங்கள் சொன்னதில் இதை மட்டும்தான் செய்ய முடிந்தது. நாற்றங்காலை விட்டு நான் எப்படி வருவேன்? எட்டுப் பெண்களை அழைத்துக்கொண்டு போனவள் நான்.

அங்கே நிலைமை சரியில்லை. பைகளில் மண் நிரப்புகிற இருவருக்குத் தலை சுற்றுகிறது, நாக்கு மரத்த மாதிரி இருக்கிறது என்கிறார்கள். என் விரல் இடுக்கெல்லாம் தடித்துப் போயிருக்கிறது. மேலாளரிடம் சொன்னால், "வெயில்ல வேல செஞ்சு பழக்கமில்லையா உங்களுக்கு? மோர் குடிங்க" என்கிறார். ஆனால் அவர் மட்டும் நாற்றங்காலுக்குள் கால் வைப்பதில்லை. வரப்பில் நின்றே கத்திவிட்டுப் போகிறார். எங்களில் ஒருத்தி ஐந்து மாத கர்ப்பிணி. அவளுக்கு உட்கார்ந்து செய்கிற வேலையாக இருக்கட்டும் என்று நான்தான் மண் சலிக்கச் சொல்லியிருக்கிறேன்.

நான் ஒன்றும் முட்டாள் இல்லை. கறையான் வராத மண், அரிக்காத மரம், சோப்புக்குப் போகாத வாடை, பேய் இருக்கிறது என்று எழுதுகிற புருஷன். புற்று எண்ணுகிறவளுக்கு இந்த நாலையும் எண்ணத் தெரியாதா? அந்த மண்ணில் ஏதோ இருக்கிறது. அது உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் எதையோ மறைப்பது எனக்காகத்தான் என்று நினைக்கிறேன். நான் உடைந்துவிடுவேன் என்று பயப்படாதீர்கள். இதைவிடப் பெரியதைச் சுமந்துகொண்டுதான் ஆறு வருஷமாக நடக்கிறேன். வாய்விட்டு ஒருநாளும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். என் அண்ணனைக் கொன்றது நான். முந்தின நாள் மீனைக் கொட்ட மனசு வராமல் சூடு பண்ணிப் போட்டேன். சாப்பிட்டு அரை மணி நேரத்தில் வாந்தி எடுத்தான். மறுநாள் வலிப்பு. மூன்றாம் நாள் போய்விட்டான். உங்களுக்கும் அன்றைக்கு வயிற்றைப் பிரட்டியது, நீங்கள் தப்பித்தீர்கள். நான் தொடவில்லை, ஆண்களுக்குப் போதாது என்று வைத்துவிட்டேன். ஒவ்வொரு நாளும் மிச்சத்தைக் கொட்டும்போது அவன் முகம் அந்தப் பாத்திரத்துக்குள் தெரிகிறது. கையில் விஷம் வைத்திருக்கிறவளை ஆறு வருஷமாக ஒரு சொல் குத்திக்காட்டாமல் வைத்திருக்கிற உங்களிடம் எனக்கு என்ன பயம்?

அதனால் சொல்லுங்கள். அந்த மண்ணில் என்ன இருக்கிறது? என் பொறுப்பில் எட்டு உயிர் இருக்கிறது. இல்லை, ஒன்பது.

உங்கள்
வாயாடி


மார்ச் 12

அன்புள்ள வாயாடிக்கு,

ஆபீசுக்கு இரண்டு தடவை போன் செய்தேன். இரண்டு தடவையும் மேலாளரே எடுத்தார். அவர் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டேன். அதனால் இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். முதலில் இதைச் செய். பெண்கள் எல்லாரையும் அங்கிருந்து வெளியே கொண்டுவா, கர்ப்பிணிப் பெண்ணை முதலில். மிச்சத்தைப் பிறகு படி.

அந்த மண்ணில் தூள் இருக்கிறது. கறையானுக்குப் போடுவோமே, அந்தத் தூள். இருபத்திரண்டு மூட்டை. புதைத்தது நான்.

முதல் தணிக்கை ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மேலாளர் என்னைக் கூப்பிட்டார். கிடங்குப் பொறுப்பு என்னிடம் இருந்தது. "தூள் ஒரு மூட்டைகூட கண்ணுல படக்கூடாது. கம்பெனிக்கே திருப்பி அனுப்பிட்டோம்னு பதிவேட்டுல எழுதிடு" என்றார். எழுதினேன். உண்மையில் திருப்பி அனுப்ப ஒரு மாதம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தோட்டத்தில் ஆள் இல்லாத நேரம், மச்சானைக் கூட்டிக்கொண்டு டிராக்டரில் போனேன். இதை வெளியே சொல்லாத ஆள் அவர் ஒருவர்தான் என்று கூட்டிக்கொண்டு போனேன். பதினான்காம் பிளாக்கில் அப்போது புதுக்கன்று நட இருந்தார்கள், மண் கிளறியிருந்தது, யாருக்கும் சந்தேகம் வராது.

கிளம்புவதற்கு முன் மச்சான் கிடங்கில் நின்று கண்ணாடி அலமாரியைக் காட்டினார். தணிக்கைக்காக வாங்கிய பன்னிரண்டு முகமூடி, பன்னிரண்டு ஜோடிக் கையுறை, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். "மாப்ள, ஒண்ணு எடுத்துக்கவா? இந்தத் தூள் மூக்குல ஏறுனா ரெண்டு நாளைக்குத் தும்மல் போடும்" என்றார். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. நான் சொன்னேன், "வேணாம் மச்சான். நாளைக்கு எண்ணிப் பாப்பாங்க. உறையப் பிரிச்சா தெரிஞ்சிடும்." அவர் சரி என்று துண்டை மூக்கில் கட்டிக்கொண்டார்.

ஆட்களின் உடம்பைக் காப்பாற்ற வாங்கிய முகமூடியை, தணிக்கை நாள் வரை பத்திரமாகக் காப்பாற்றினேன். திங்கட்கிழமை எண்ணினார்கள். பன்னிரண்டும் சரியாக இருந்தது. மேலாளர் என் முதுகில் தட்டினார்.

எனக்கு இடுப்பு வலி. அதனால் மச்சான் குழிக்குள் இறங்கினார். நான் மேலிருந்து இறக்கினேன். கடைசி மூட்டைகளில் ஒன்று நைந்து கிழிந்து அவர் தலைமேல் கொட்டியது. மாவு மில்லில் நிற்கிற ஆள் மாதிரி நிமிர்ந்து பார்த்து, "என்ன மாப்ள, பவுடர் பூசி எனக்கு மாப்பிள்ளை வேஷம் போட்டு விடறீங்களா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வாயாடி, நான் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் தலை சுற்றுகிறது என்று ஏறி வந்துவிட்டார். மண்வெட்டி குழிக்குள்ளேயே கிடந்தது. எடுக்கிறேன் என்று திரும்பினார். "விடுங்க, புதுசு வாங்கித் தரேன்" என்று சொல்லி மண்ணைத் தள்ளினேன்.

அதற்கப்புறம் நடந்ததை எழுதத்தான் ஆறு வருஷம் ஆயிற்று. அவர் ஓடையில் குளித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். நீ மீன் போட்டாய். நானும் அதே மீனைத்தான் தின்றேன், இரண்டு தடவை வாங்கித் தின்றேன். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அவர் வாந்தி எடுத்ததும் நீ தலையில் கைவைத்துக்கொண்டு, "ஐயோ மீன் கெட்டுப் போச்சோ?" என்றாய். நான் யோசிக்கக்கூட இல்லை. "ஆமா, எனக்கும் வயிறு ஒரு மாதிரிதான் இருக்கு" என்றேன். என் வயிற்றுக்கு ஒன்றுமே இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏதாவது பூச்சி மருந்து கையாண்டாரா?" என்று நேராகவே கேட்டார். மேலாளர் கதவோரம் நின்றார். குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நீ வெளியே பெஞ்சில் இருந்தாய். நான், "இல்ல டாக்டர், பழைய மீன் சாப்பிட்டார்" என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா தெரியாது. அதை யாரிடமும் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் நினைவு தப்புவதற்கு முன் என்னைப் பார்த்து, "மண்வெட்டிய எடுத்திருக்கலாம் மாப்ள" என்றார். அதுதான் கடைசிப் பேச்சு.

முதலில் வேலை போய்விடும் என்று பயந்தேன். பிறகு ஜெயில். அப்புறம் உன்னை. நீ மிச்சத்தைக் கொட்டுவதைப் பார்க்க முடியாமல்தான் இங்கே ஓடிவந்தேன். ஒரு சொல் சொல்லி உன் கையை நிறுத்தியிருக்கலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். நான் ஓர் ஆளை உன் சோற்றில் மறைத்துவிட்டேன்.

மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. நீ என்ன சொன்னாலும் செய்கிறேன்.

உன்
கணவன்


ஏப்ரல் 5

உங்கள் கடிதம் மார்ச் 20 அன்று நாற்றங்காலிலேயே கைக்கு வந்தது. தபால்காரர், "இன்னிக்கு உள்ளயும் கனமா இருக்கேம்மா" என்றார்.

முதல் பத்தியைப் படித்ததும் பெண்களை வெளியே வரச் சொன்னேன். காரணம் தெரியாமல் நகரமாட்டோம் என்றார்கள். முழுக் கடிதத்தையும் அங்கேயே, ஓடைக்கரையில் நின்று, உரக்கப் படித்தேன். எனக்கே முன்பு தெரியாததை எட்டுப் பேருக்கு முன்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். மீன் வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். கர்ப்பிணிப் பெண் வாங்கி மிச்சத்தைப் படித்தாள்.

மேலாளர் வந்து, "குடும்பச் சண்டைய எல்லாம் வேல செய்யற எடத்துக்குக் கொண்டு வராதம்மா" என்றார். நான் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். வருஷத் தணிக்கைக்குப் பச்சை முத்திரைக்காரம்மா 26ஆம் தேதி வந்தார். வழக்கம்போல், மேலாளர் இல்லாமல் தொழிலாளரோடு தனியாகப் பேசவேண்டும் என்றார். என் முறை வந்தபோது சாக்கில் சுற்றிய மண்வெட்டியை மேசைமேல் வைத்தேன். பக்கத்தில் உங்கள் கடிதம். பெட்டியில் நான் பொத்திவைத்த மற்ற கடிதங்களை இனி நான் படிக்கமாட்டேன், அதனால் அவற்றையும் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் உடம்பை மூடி உடை போட்ட ஆட்கள் வந்து தோண்டினார்கள். காகித மூட்டைகள் அப்படியே இருந்தன. எழுத்துகூட அழியவில்லை. கறையான் ஒரு மூலையைக்கூடத் தொடவில்லை.

முத்திரையை நிறுத்தி வைத்துவிட்டார்கள். வெட்டிய மரம் துறைமுகத்தில் கிடக்கிறது, பாதிப் பேருக்கு வேலை இல்லை. என்னைக் கண்டால் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். "செத்தவனுக்காக இருக்கறவன் வயித்துல அடிச்சிட்டா" என்று என் காதுபடவே சொன்னார்கள். சொல்லட்டும். அந்த முத்திரையை நான் இப்போதும் வெறுக்கவில்லை. தோட்டத்துக்குக் கையுறை வரவைத்தது அதுதான். என் அண்ணனுக்குக் கொடுக்காமல் பூட்டியது நீங்கள். பெண்களின் ரத்தத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றுதான் இப்போதைக்குச் சொல்கிறார் டாக்டர். குட்டிக்கும் ஒன்றுமில்லை. அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுதாள்.

தூளைப் புதைத்ததை நான் மன்னித்திருப்பேன். முகமூடியைக்கூட, பல வருஷம் கழித்து, மன்னித்திருப்பேன். பயந்த மனுஷன் செய்வதுதான். ஆனால் அந்த இரவிலிருந்து ஆறு வருஷம் ஒவ்வொரு நாளும் நான் பாத்திரத்தைக் கவிழ்த்தேன். அது உங்களுக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் வந்தபோது பக்கத்தில் நின்று பார்த்தீர்கள். கொட்டிய பாத்திரத்தை என் கையிலிருந்து வாங்கிக் கழுவிக்கூட வைத்தீர்கள். எவ்வளவு நல்ல புருஷன் என்று நினைத்தேன்.

விசாரணை வைக்கப்போகிறார்கள். டாக்டர் அன்றைக்குக் கேட்ட கேள்வியை மறுபடியும் கேட்பார்கள். நான் என்ன சொன்னாலும் செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். வந்து அதற்கு உண்மையான பதிலைச் சொல்லுங்கள். அதற்கு மட்டும் வாருங்கள். வீட்டுக்கு வர வேண்டாம். அண்ணன் படத்தை உள்ளறைக்கு மாற்றுவதாக எழுதியிருந்தேன். மாற்றவில்லை. கூடத்திலேயே இருக்கிறான்.

தோட்டத்தில் இப்போது புற்று எண்ணச் சொல்ல ஆள் இல்லை என்றாலும் நான் பாட்டுக்குப் போய் எண்ணுகிறேன். சீட்டிச் சத்தம் கேட்டால் இப்போதெல்லாம் நிற்பதில்லை. கூடவே நடக்கிறேன்.

நேற்று மீன் வாங்கிச் சமைத்தேன். வேண்டுமென்றே பாதியை மிச்சம் வைத்தேன். இன்று காலை அதைச் சூடு பண்ணினேன். குட்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வாயைத் தண்ணீர் குடித்து விழுங்கினேன். பிறகு தட்டில் இருந்த எல்லாவற்றையும் சாப்பிட்டேன். இப்போது மாலை நாலு மணி. ஒன்றும் ஆகவில்லை.

இப்படிக்கு
அவன் தங்கை